டிஸ்சார்ஜ் புத்தகம் சொல்லாதது

எந்தத் தாலுகா ஊரின் வங்கி வாசலிலும் அவரைப் பார்க்கலாம். பிளாஸ்டிக் நாற்காலி, மடியில் இரட்டைக் குழல் துப்பாக்கி, இடுப்பில் தோட்டாப் பட்டை. மீசை நரைத்திருக்கும், ஆனால் ஒரு மயிர் ஒழுங்கு தவறியிருக்காது. பூட்ஸின் பளபளப்பு அந்தத் தெருவில் வேறு யார் காலிலும் இருக்காது. ஊருக்கு அவர் 'மிலிட்டரிக்காரர்'. பேச்சுக் கொடுத்தால் லடாக்கின் குளிரைப் பற்றிச் சொல்வார். ஒருவர் சிக்னல்ஸில் ரேடியோ செட் இயக்கியவராக இருப்பார். இன்னொருவர் பீரங்கிப் படையில் தூரமும் காற்றும் கணக்கிட்டவராக இருப்பார். இப்போது நகைக் கடனுக்கு எந்த கவுண்டர், பாஸ்புக் எங்கே பதிய வேண்டும் என்று வருகிறவர்களுக்கு வழி காட்டுகிறார்.

அவருக்கு அரசு ஒன்றும் செய்யவில்லை என்று சொல்லிவிட முடியாது. மாதம் பிறந்தால் பென்ஷன் வருகிறது. மருத்துவத்துக்குத் தனித் திட்டம் இருக்கிறது. கேண்டீன் கார்டு இருக்கிறது. வீட்டில் கல்யாணம் வைத்திருக்கும் உறவினர்களிடம் அந்தக் கார்டுக்கு உள்ள மரியாதை தனி. இந்த வங்கி வேலையே 'முன்னாள் ராணுவத்தினர்' என்ற அடையாளத்தால் கிடைத்ததுதான். ஆனால் பதினைந்து, இருபது வருடம் அவர் கற்ற தொழிலுக்கும் இந்த நாற்காலிக்கும் என்ன தொடர்பு என்று கேட்டால் பதில் இல்லை.

இந்தியாவில் படைவீரர்களின் மறுவாழ்வுக்கான ஏற்பாடுகள் நூறாண்டுக்கு மேல் பழையவை. அவற்றை வரிசையாகப் பார்த்தால் ஒன்று புலப்படும். வீரர் கொடுத்த ஆண்டுகளை எண்ணி ஈடு தருவதில் அரசு தேர்ந்திருக்கிறது. அந்த ஆண்டுகளில் அவர் கற்றது என்ன என்று படித்துப் பார்க்க அது பழகவே இல்லை. பென்ஷன் இருந்தவரை இந்தக் குறை யாரையும் உறுத்தவில்லை. நான்கு வருடப் பணி முடித்து, பென்ஷன் இல்லாத அக்னிவீரர்கள் வெளியே வரும்போது அதை மறைக்க ஒன்றும் இருக்காது.

நிலம் கொடுத்து அனுப்பிய காலம்

முதல் உலகப் போரில் கை கால் இழந்து திரும்பிய இந்தியச் சிப்பாய்களுக்குத் தொழில் கற்றுக்கொடுக்க 1917-இல் தொடங்கப்பட்டது குயின் மேரி தொழில்நுட்ப நிறுவனம். புனேயில் அது இன்றும் இயங்குகிறது. 1919-இல் இந்தியப் படைவீரர் வாரியம் அமைந்தது. பெயர்கள் மாறி 1975-இல் 'கேந்திரிய சைனிக் போர்டு' ஆனது. போர் முடிந்து ஊர் திரும்பும் ஆயுதப் பயிற்சி பெற்ற இளைஞர்கள் அதிருப்தியோடு திரியக்கூடாது என்ற கவலையும் இந்த அக்கறைக்குள் இருந்தது. பஞ்சாபின் கால்வாய்ப் பாசனக் குடியேற்றங்களில் சிப்பாய்களுக்கு நிலம் கொடுத்ததும் அந்தக் கணக்கில்தான்.

இரண்டாம் உலகப் போரின்போது இந்தியப் படையின் எண்ணிக்கை சுமார் 25 லட்சத்தை எட்டியது. இத்தனை பேரையும் எங்கே கொண்டுபோய் வைப்பது? மெட்ராஸ் மாகாண அரசுக்குத் தெரிந்த வழியும் நிலம்தான். அன்று மாகாணத்தோடு இருந்த வயநாட்டில், அம்பலவயல், சுல்தான் பத்தேரி பக்கம், போரிலிருந்து திரும்பியவர்களுக்காகவே 1940-களில் குடியேற்றத் திட்டம் போடப்பட்டது. மலேரியாவோடு மல்லுக்கட்டிக் காட்டைத் திருத்திய முன்னாள் சிப்பாய்களுக்கு அது வாழ்வு கொடுத்தது. அந்தக் காட்டில் தலைமுறைகளாக இருந்த பழங்குடி மக்களுக்கோ அது தங்கள் மண் கைமாறிய கதை.

சுதந்திர இந்தியாவும் இதே வழியில் போயிருக்கிறது. 1969-இலிருந்து கிரேட் நிக்கோபார் தீவில் முந்நூற்றுக்கும் மேற்பட்ட முன்னாள் வீரர்களின் குடும்பங்கள் குடியமர்த்தப்பட்டன. பெரும்பாலோர் பஞ்சாபிகள், தமிழ்நாட்டிலிருந்து போனவர்களும் உண்டு. எல்லைத் தீவில் நம்பகமான ஆட்கள் இருக்க வேண்டும் என்ற பாதுகாப்புக் கணக்கும் மறுவாழ்வும் அங்கே ஒன்றாகச் சேர்ந்தன. 2004 சுனாமி அவர்களுடைய தோப்புகளையும் வீடுகளையும் வாரிக்கொண்டு போனது.

கொடுக்க நிலம் குறைந்த பிறகு அரசு வேறு மூன்றைக் கையில் எடுத்தது: பென்ஷன், வேலை ஒதுக்கீடு, காவல் பணி.

அலுவலகங்களின் அடுக்கு

ஆண்டுக்குச் சுமார் 60,000 பேர் முப்படைகளிலிருந்து வெளியே வருகிறார்கள். பெரும்பாலோர் அதிகாரிகள் அல்லாத ஜவான்கள். பதினெட்டு, பத்தொன்பது வயதில் சேர்ந்து முப்பத்தைந்துக்கும் நாற்பத்தைந்துக்கும் இடையில் திரும்புகிறவர்கள். படை இளமையாக இருக்க வேண்டும் என்பதால் நாடு அவர்களைச் சீக்கிரம் அனுப்பிவிடுகிறது. அவர்களோடு பள்ளியில் படித்தவர் ஆசிரியராகவோ எழுத்தராகவோ இருந்தால் அவருக்கு இன்னும் இருபது வருட வேலை பாக்கியிருக்கும். நம் ஊரில் 'ரிட்டயர்டு' என்ற சொல் அறுபது வயதுக்காரரை நினைவூட்டும். பட்டாளத்து ரிட்டயர்டு ஆளுக்குப் பிள்ளை ஐந்தாம் வகுப்பில் இருப்பான், வீட்டுக் கடன் அப்போதுதான் தொடங்கியிருக்கும்.

இவர்களைக் கவனிக்கத் தில்லியில் பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ் முன்னாள் படைவீரர் நலத்துறை இருக்கிறது. அது தனித் துறையானது 2004-இல். அதன் கீழ் டி.ஜி.ஆர். என்று சுருக்கமாக அழைக்கப்படும் மறுவாழ்வுத் தலைமை இயக்ககம் பயிற்சியையும் வேலைவாய்ப்பையும் பார்க்கிறது. கேந்திரிய சைனிக் போர்டு நலநிதிகளைப் பார்க்கிறது. ஈ.சி.எச்.எஸ். என்ற மருத்துவத் திட்டம் 2003 ஏப்ரலில் தொடங்கி, 400-க்கும் மேற்பட்ட பாலிகிளினிக்குகளோடு நடக்கிறது. மாநிலத்துக்கு ஓர் இயக்ககம், மாவட்டத்துக்கு ஓர் அலுவலகம்.

படைவீரருக்குக் கையெட்டும் தூரத்தில் இருப்பது அந்த மாவட்ட அலுவலகம் மட்டும்தான். பெரும்பாலும் ஒரு முன்னாள் அதிகாரியின் பொறுப்பில், சில எழுத்தர்களோடு நடக்கும். அடையாள அட்டை, கல்வி உதவித்தொகை, விதவைகளுக்கான உதவி, கொடிநாள் வசூல் என்று எல்லாம் அங்கேதான். டிசம்பர் 7-ஆம் தேதியை ஒட்டிப் பள்ளிக்கூடத்தில் சட்டைப் பையில் குத்திக்கொண்ட அந்தச் சின்னக் கொடியின் காசு இந்த அலுவலகங்களின் வழியாகத்தான் போய்ச் சேர்கிறது. 1949-இலிருந்து நடக்கும் வசூல் அது.

இந்த அடுக்கில் மிகப் பெரிய பணம் பென்ஷனுக்குப் போகிறது. மிகச் சிறிய பணம் பயிற்சிக்குப் போகிறது. இதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே போகலாம்.

பென்ஷன் என்னும் மெத்தை

ஜவானுக்குப் பதினைந்து ஆண்டு சேவை முடிந்தால் பென்ஷன், அதிகாரிக்கு இருபது. பின்னால் ஓய்வு பெற்றவருக்கு அதிகம், முன்னால் ஓய்வு பெற்ற அதே பதவிக்காரருக்குக் குறைவு என்பது பல பத்தாண்டுகளாக எரிந்துகொண்டிருந்த குறை. 'ஒரே பதவி, ஒரே ஓய்வூதியம்' என்ற கோரிக்கையை 2011-இல் மாநிலங்களவையின் மனுக்கள் குழு, பகத் சிங் கோஷ்யாரி தலைமையில், நியாயம் என்று ஏற்றது. 2015 கோடையில் பதக்கங்களை மார்பில் குத்திய முதியவர்கள் தில்லி ஜந்தர் மந்தரில் உட்கார்ந்தார்கள். அந்த ஆண்டு செப்டம்பர் 5-ஆம் தேதி அரசு அறிவித்தது. 2014 ஜூலை 1 முதல் நடைமுறை, ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை திருத்தம். ஆண்டுதோறும் திருத்தம் வேண்டும் என்ற வாதம் உச்ச நீதிமன்றம் வரை போனது. 2022 மார்ச்சில் நீதிமன்றம் அரசின் முறையே செல்லும் என்றது.

ஊனமுற்றோர் ஓய்வூதியத்தின் கதை இன்னும் கசப்பானது. பணியால் வந்த உடல்நலக் கேடா, இல்லையா என்ற கேள்வியில் வீரர்கள் தம்மை அனுப்பிவைத்த அரசோடே வழக்காட வேண்டியிருக்கிறது. 2009-இல் ராணுவத் தீர்ப்பாயங்கள் வந்தபின் வழி ஓரளவு சுருங்கியது; சென்னையிலும் ஓர் அமர்வு இருக்கிறது. வீரர் வென்ற வழக்குகளில் அரசு மேல்முறையீட்டுக்குப் போவது வழக்கமாகிவிட்டது என்பது முன்னாள் வீரர் சங்கங்கள் ஓயாமல் சொல்லும் மனக்குறை.

இத்தனை சண்டைக்குப் பிறகும் பென்ஷன் என்பது பெரிய காரியம். மாதச் செலவுக்குத் தரை போட்டுக் கொடுக்கிறது அது. வங்கி வாசலில் குறைந்த சம்பளத்துக்கு உட்கார ஒருவரால் முடிகிறது என்றால் பின்னால் பென்ஷன் இருப்பதால்தான். பயிற்சி வகுப்பு உதவவில்லையா, ஒதுக்கீடு கிடைக்கவில்லையா, போகட்டும், பென்ஷன் வருகிறதே. விழுகிறவருக்கு அடிபடாமல் மெத்தை இருந்ததால், அவர் ஏன் விழுகிறார் என்று யாரும் கேட்கவில்லை.

காகிதத்தில் பத்து, கணக்கில் ஒன்று

ஒன்றிய அரசின் 'சி' பிரிவுப் பணிகளில் 10 சதவீதம், 'டி' பிரிவில் 20 சதவீதம் முன்னாள் படைவீரர்களுக்கு. பொதுத்துறை நிறுவனங்களிலும் அரசு வங்கிகளிலும் இது 14.5, 24.5 சதவீதம். போரில் இறந்தவர்களின் குடும்பத்துக்கும் ஊனமுற்ற வீரர்களுக்குமான 4.5 சதவீதமும் இதற்குள் அடக்கம். வயது வரம்பில் தாராளம்: படையில் இருந்த ஆண்டுகளை உண்மை வயதிலிருந்து கழித்து, மேலும் மூன்று ஆண்டு சலுகை. தமிழ்நாட்டில் இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் 5 சதவீதம்.

எண்கள் கண்ணுக்கு நிறைவாகத்தான் இருக்கின்றன. இனி 2021 நடுவில் டி.ஜி.ஆர். வைத்திருந்த கணக்கைப் பாருங்கள். விவரம் கொடுத்த ஒன்றிய அரசுத் துறைகளில் 'சி' பிரிவு ஊழியர்கள் 10,84,705 பேர். அவர்களில் முன்னாள் படைவீரர்கள் 13,976 பேர். சதவீதம் 1.29. 'டி' பிரிவில் 3,25,265 பேரில் 8,642 பேர், அதாவது 2.66 சதவீதம்.

பத்து எப்படி ஒன்றாகச் சுருங்கியது? காரணம் ஒன்றல்ல. ஒதுக்கீடு தேர்வை விலக்குவதில்லை. இருபது ஆண்டுகளுக்கு முன் பத்தாம் வகுப்பில் விட்ட கணக்கையும் ஆங்கிலத்தையும் திரும்பப் படித்து, கோச்சிங் சென்டரில் தன் பிள்ளை வயதுப் பையன்களோடு உட்கார வேண்டும். நிரம்பாத இடம் அடுத்த ஆண்டுக்கு வராது, பொதுப்பிரிவில் கரைந்துவிடும். ஆகவே நிரப்பாமல் விட்ட துறைக்கு நட்டம் எதுவுமில்லை. இன்னொன்று, காலடியிலேயே மண் நகர்ந்தது. ஆறாவது ஊதியக் குழுவுக்குப் பின் 'டி' பிரிவே 'சி'-யோடு கலந்தது. காவலாளி, ஓட்டுநர், துப்புரவு என்று முன்னாள் ஜவான்கள் எளிதாக நுழைந்த வேலைகள் ஒப்பந்தத்துக்குப் போயின. ஒப்பந்தக்காரருக்கு இந்த ஒதுக்கீட்டு விதி கிடையாது.

ஒப்பந்தக் காவல் பணியையே ஒரு திட்டமாக்கியதும் அரசுதான். முன்னாள் அதிகாரிகள் நடத்தும் செக்யூரிட்டி நிறுவனங்களை டி.ஜி.ஆர். பட்டியலில் சேர்த்து, பொதுத்துறை நிறுவனங்களுக்கு அனுப்புகிறது. குறைந்தபட்ச ஊதியத்தை ஒட்டிய சம்பள விகிதத்தை அதுவே வகுக்கிறது. திறந்த சந்தையில் கிடைப்பதைவிட இது மேல் என்பதை மறுக்க முடியாது. நிலக்கரிச் சுரங்கங்களில் லாரி ஓட்டும் திட்டம், எண்ணெய் நிறுவனங்களின் பெட்ரோல் பங்க் நிர்வாகம், தலைநகர் வட்டாரத்தில் பால், காய்கறிக் கடைகள் என்று வேறு சிலவும் உண்டு. இவை எல்லாவற்றிலும் கூட்டம் அதிகம் நிற்பது காவல் பணியின் வாசலில்தான்.

பாலம் கட்டியவரின் சான்றிதழ்

2024 ஜூலை 30 அதிகாலையில் வயநாட்டின் முண்டக்கை, சூரல்மலைப் பகுதிகளில் மலை சரிந்தது. ஆற்றின் மறுகரைக்குப் போக வழியில்லை. பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட மெட்ராஸ் என்ஜினியர் குரூப்பின் வீரர்கள் வந்தார்கள். ராணுவ வட்டாரத்தில் இவர்களுக்குச் செல்லப்பெயர் 'தம்பி'. மழையிலும் இரவிலும் வேலை செய்து, ஆகஸ்ட் 1 மாலைக்குள் 190 அடி நீளத்தில் ஒரு பெய்லி பாலத்தைப் போட்டு முடித்தார்கள். மேஜர் சீதா ஷெல்கே தலைமையிலான அந்தப் பணியை நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. மண் அள்ளும் இயந்திரங்களும் ஆம்புலன்ஸும் அதில் ஏறித்தான் மறுகரை சேர்ந்தன.

பெய்லி பாலம் இரும்புச் சட்டங்களைக் கோத்துக் கட்டுவது. ஒவ்வொரு சட்டமும் பல ஆட்கள் சேர்ந்து தூக்கும் எடை. கரையில் கோத்து, உருளைகளின் மேல் வைத்து, எதிர்க்கரையில் தாங்க எதுவும் இல்லாத வெற்றிடத்துக்குள் அங்குலம் அங்குலமாகத் தள்ள வேண்டும். பின்பக்க எடை சற்றுக் குறைந்தால் முன்பக்கம் ஆற்றில் கவிழும். பளுவைக் கணிப்பது, ஆட்களை ஒரே தாளத்தில் இயக்குவது, சேற்றில் அடித்தளம் பார்ப்பது, இருட்டில் விபத்தில்லாமல் முடிப்பது எல்லாம் அதில் இருக்கிறது. நெடுஞ்சாலைப் பணியோ மெட்ரோப் பணியோ எடுத்த நிறுவனம் இப்படி ஒரு மேற்பார்வையாளருக்குத் தேடி அலையும்.

ஆனால் அந்த வீரர் ஓய்வு பெறும்போது கையில் என்ன இருக்கும்? டிஸ்சார்ஜ் புத்தகம். அதில் சேர்ந்த தேதி, விலகிய தேதி, பதவி, டிரேடு, பதக்கங்கள், நன்னடத்தை, மனைவி மக்களின் பெயர்கள். படைக்குள் ஒரு டிரேடின் பெயர் எல்லாருக்கும் விளங்கும். வெளியே மனிதவளப் பிரிவில் உட்கார்ந்திருக்கும் இருபத்தைந்து வயது ஊழியருக்கு அது குறியெழுத்து. அவர் தேடுவது டிப்ளமா. இவரிடம் இல்லாததும் அதுதான்.

இந்த இடைவெளிக்கு அரசு கண்ட தீர்வைப் பாருங்கள். பத்தாம் வகுப்புத் தேறிப் பதினைந்து ஆண்டு சேவை முடித்தவரைப் பட்டதாரிக்குச் சமமாக 'சி' பிரிவுப் பணிகளுக்கு எடுத்துக்கொள்ளலாம் என்கிறது விதி. நல்ல எண்ணம்தான். ஆனால் பாலம் கட்டியவர், ரேடார் பழுது பார்த்தவர், அறுவை அரங்கில் உதவியவர், ஆயிரம் பேருக்குச் சமைத்தவர் எல்லாரும் அந்த விதியின் பார்வையில் ஒரே மாதிரிப் பதினைந்து வருடக்காரர்கள். தனியார் நிறுவனங்களோ அந்தச் சமன்பாட்டைப் பெரிதாகப் பொருட்படுத்துவதில்லை.

பயிற்சி என்று ஒன்று இல்லாமல் இல்லை. ஓய்வுக்கு முன்னால் டி.ஜி.ஆர். வகுப்புகள் நடத்துகிறது. ஜவான்களுக்கு முழுச் செலவும் அரசுடையது. அதிகாரிகள் 40 சதவீதம் கட்ட வேண்டும். அதிகாரிகளுக்கு ஐ.ஐ.எம். போன்ற கல்வி நிலையங்களில் இருபத்து நான்கு வாரம் வரை மேலாண்மைப் படிப்பு. அவர்களில் கணிசமானோர் அங்கிருந்தே கார்ப்பரேட் வேலைக்குப் போய்விடுகிறார்கள். ஜவானுக்குக் கிடைப்பவை செக்யூரிட்டி, கம்ப்யூட்டர், தீயணைப்பு போன்ற வகுப்புகள். கடைசி வருடத்திலும் அவர் எல்லையில் இருப்பார், யூனிட் விடுப்புத் தர யோசிக்கும், வகுப்போ வேறு ஊரில். வீட்டுக்குப் போகும் லீவை விட்டுவிட்டு வகுப்புக்குப் போக எத்தனை பேருக்கு மனம் வரும்?

வேறு நாடுகள் படித்த பாடம்

இதே கேள்விக்கு 1944-இல் அமெரிக்கா கொடுத்த பதில் உலகெங்கும் எடுத்துக்காட்டானது. அந்த ஆண்டு ஜூன் 22-இல் அதிபர் ரூஸ்வெல்ட் கையெழுத்திட்ட 'ஜி.ஐ. பில்' திரும்பி வந்த வீரருக்குக் கல்லூரிக் கட்டணம், படிக்கும் காலத்தில் உதவித்தொகை, வேலையற்றவருக்கு வாரம் 20 டாலர் வீதம் 52 வாரம், வீட்டுக் கடனுக்கு அரசு உத்தரவாதம் எல்லாம் தந்தது. அதன் பின்னாலும் ஓர் அச்சம் இருந்தது. 1932-இல் முதல் உலகப் போர் வீரர்கள் வாக்குறுதி தந்த போனஸைக் கேட்டு வாஷிங்டனில் முகாமிட்டபோது, ராணுவத்தை ஏவி அவர்களை விரட்டிய அவமானத்தை அந்த நாடு மறக்கவில்லை.

சுமார் 78 லட்சம் பேர் அந்தச் சட்டத்தால் படித்தார்கள் அல்லது தொழில் பயின்றார்கள். ஆனால் நடைமுறையை உள்ளூர் வங்கிகளிடமும் அலுவலகங்களிடமும் விட்டதால் தெற்கு மாநிலங்களில் நிறவெறி உள்ளே புகுந்தது. 1947-இல் மிசிசிப்பியின் 13 நகரங்களில் எடுத்த கணக்கில், உத்தரவாதம் பெற்ற 3,229 கடன்களில் கறுப்பின வீரர்களுக்குப் போனவை இரண்டு. திட்டம் எவ்வளவு நல்லதானாலும் கடைசிக் கவுண்டரில் இருப்பவர் யார் என்பதே பலனைத் தீர்மானிக்கும் என்பதற்கு இதைவிட அப்பட்டமான சான்று வேண்டாம்.

பின்னாளில் அமெரிக்க மாநிலங்கள் செய்த ஒரு சின்ன ஏற்பாடு நமக்கு அதிகம் பயன்படும். ராணுவத்தில் கனரக லாரி ஓட்டியவர் வணிக வாகன உரிமத்துக்கு வரும்போது, அனுபவத்தை நிரூபித்தால் சாலைச் சோதனையிலிருந்து விலக்கு. பெரிய செலவில்லை, புதிய துறை இல்லை. படைக்குள் நிரூபித்த திறமையை வெளியே மறுபடி நிரூபிக்கச் சொல்லவில்லை, அவ்வளவுதான். பிரிட்டனில் 1998-இலிருந்து தனியார் கூட்டோடு நடக்கும் மறுவாழ்வுத் திட்டம், விலகும் நாளுக்கு வெகு முன்பே ஆளைத் தயார்செய்யத் தொடங்கி, விலகிய பின்னும் தொடர்கிறது. நம்முடையது பெரும்பாலும் விலகும் நாளோடு கையைக் கழுவிவிடுகிறது.

தமிழ்நாட்டின் இரண்டு வழிகள்

தமிழ்நாட்டில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட முன்னாள் படைவீரர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். வேலூர்ப் பக்கம் போனால் வீட்டுக்கு ஒரு பட்டாளத்துக்காரர் என்று சொல்லும் ஊர்கள் உண்டு; கம்மவான்பேட்டைக்கு 'ராணுவப்பேட்டை' என்றே பெயர் விழுந்திருக்கிறது.

மாநில அரசு 1986-இல் தொடங்கிய 'டெக்ஸ்கோ' என்னும் முன்னாள் படைவீரர் கழகம் பழைய வழி. மின் நிலையங்கள், அரசு நிறுவனங்கள் போன்ற இடங்களுக்குப் பாதுகாப்புப் பணியாளர்களை அது அனுப்புகிறது. இடைத்தரகர் இல்லை, சம்பளம் ஒழுங்காக வரும் என்ற நம்பிக்கை இருக்கிறது. பலருக்கு அது உண்மையான கைதூக்கல். ஆனாலும் கடைசியில் கையில் வருவது காவல் வேலைதான்.

2024 சுதந்திர தின உரையில் முதல்வர் மு.க. ஸ்டாலின் அறிவித்து, அடுத்த ஆண்டு தொடங்கிவைத்த 'முதல்வரின் காக்கும் கரங்கள்' புதிய வழி. தொழில் தொடங்கும் முன்னாள் வீரருக்கு ஒரு கோடி ரூபாய் வரை வங்கிக் கடன், அதில் 30 சதவீதம் மூலதன மானியம், வட்டியில் 3 சதவீதம் மானியம். இவர் என்ன செய்ய வல்லவர் என்று கேட்கத் தொடங்கும் திட்டம் என்பதால் இது கவனிக்கத்தக்கது. ஆனால் இருபது வருடம் ஆணையை ஏற்று நிறைவேற்றப் பழகியவர் பேரம் பேசவும் கடன் வசூலிக்கவும் ஒரு நாளில் பழகிவிட மாட்டார். ஓய்வுப் பணத்தை யாரோ சொன்ன தொழிலிலும் சீட்டிலும் போட்டுத் தொலைத்த கதைகள் எல்லா ராணுவ ஊரிலும் உண்டு. கடனோடு, முதல் இரண்டு மூன்று வருடம் பக்கத்தில் நின்று கணக்குப் பார்க்கும் துணையும் இருந்தால்தான் இந்த வழி நிலைக்கும்.

இனிஷியலும் இல்லறமும்

இடையில் திட்டங்களின் கண்ணுக்குப் படாத இரண்டு சின்ன விஷயங்கள்.

ஒன்று, பெயர். 2021-இலிருந்து பாதுகாப்புத் துறை ஓய்வூதியங்கள் 'ஸ்பர்ஷ்' என்ற இணைய அமைப்புக்கு மாறின. கணக்கின் தலைமையிடம் பிரயாக்ராஜ். முறையாகப் பார்த்தால் இது முன்னேற்றம். ஆனால் தமிழரின் பெயருக்கு முன்னொட்டு இனிஷியல்; குடும்பப் பெயர் கிடையாது. சேரும் நாளில் வடக்கத்தி எழுத்தர் ஒருவர் அப்பா பெயரைப் பின்னால் போட்டு எழுதியிருப்பார். மனைவியின் பெயர் ஆவணத்தில் 'லட்சுமி', ஆதாரில் 'லெட்சுமி அம்மாள்', வங்கியில் இனிஷியலோடு. கணவர் இருக்கும்வரை யாரும் அதைக் கேட்பதில்லை. அவர் இறந்து குடும்ப ஓய்வூதியத்துக்கு விண்ணப்பிக்கும்போதுதான் மூன்று பெயரும் ஒரே ஆள்தான் என்று அந்தக் கிழவி நிரூபிக்க வேண்டியிருக்கிறது. மாவட்ட அலுவலகத்து எழுத்தர் பொறுமைசாலியாக இருந்தால் காரியம் நடக்கும்.

இரண்டாவது, வீடு. பதினேழு வருடம் ஆண்டுக்கு இரண்டு மாத விருந்தாளியாக வந்துபோனவர் இப்போது நிரந்தரமாக வருகிறார். இத்தனை காலம் பள்ளிச் சேர்க்கை, மாமியார் மருத்துவம், நிலத் தகராறு எல்லாவற்றையும் தனியாகச் சமாளித்த பெண் ஒரு நிர்வாகத்தை நடத்தி வந்திருக்கிறாள். காலை ஐந்து மணிக்கு எழுந்து எல்லாரையும் எழுப்பும் அப்பாவைப் பிள்ளைகளுக்குப் பழக்கமில்லை. படையில் ஹவில்தார் சொன்னால் முப்பது பேர் நகர்வார்கள். இங்கே மின்வாரியத்துக்குப் பத்து முறை நடக்க வேண்டும். இந்த உராய்வில் சிலர் குடிக்குள் ஒதுங்குகிறார்கள், சிலர் பேச்சைக் குறைத்துக்கொள்கிறார்கள். போரின் மனக்காயங்களைச் சொல்லவே வேண்டாம். மருத்துவத் திட்டத்தில் இருதயத்துக்கும் முழங்காலுக்கும் வழி தெளிவாக இருக்கிறது. மனத்துக்குப் போகும் வழி அவ்வளவு தெளிவாக இல்லை.

நான்கு வருடத்தின் கணக்கு

2022 ஜூனில் அக்னிவீரர்களைச் சேர்க்கும் அக்னிபத் திட்டம் வந்தது. பதினேழரை முதல் இருபத்தொரு வயதுக்குள் சேர்ந்து, நான்கு வருடம் பணி. 25 சதவீதம் வரை நிரந்தரப் பணிக்குத் தேர்வு பெறலாம், மற்றவர்கள் வெளியே. பென்ஷன் இல்லை. சம்பளத்தில் 30 சதவீதம் பிடித்து, அரசும் அதே அளவு போட்டு, வட்டியோடு சுமார் 11.71 லட்சம் ரூபாய் 'சேவா நிதி'. 2022 இறுதியில் கடற்படையில் சேர்ந்த முதல் தொகுதிக்கு நான்கு வருடம் முடிவது 2026 இறுதி, தரைப்படைக்கு அதையடுத்து.

இளமையான படை என்ற யோசனை புதிதல்ல. கார்கில் போருக்குப் பின் அமைந்த ஆய்வுக் குழு, திருச்சியில் பிறந்த கே. சுப்ரமணியத்தின் தலைமையில், பணிக்காலத்தை ஏழு முதல் பத்து ஆண்டுகளாகக் குறைக்கச் சொன்னது. ஆனால் அதே மூச்சில், வெளியேறுகிறவர்களை மத்திய ஆயுதக் காவல் படைகள் எடுத்துக்கொள்ள வேண்டும் என்றும் சொன்னது. ஊதியக் குழுக்களும் இந்தப் பக்கவாட்டு மாற்றத்தைப் பரிந்துரைத்தன. காவல் படைகளின் பதவி உயர்வு வரிசை குலையும், பயிற்சி வேறு என்ற ஆட்சேபங்களில் அது நின்றுபோனது. அக்னிபத் பரிந்துரையின் முதல் பாதியை எடுத்துக்கொண்டு, இரண்டாம் பாதிக்குப் பதிலாக ஒதுக்கீட்டைக் கொடுத்தது: காவல் படைகளில் தொடக்கத்தில் 10 சதவீதம், வயதுத் தளர்வு, உடல்தகுதித் தேர்வில் விலக்கு. உத்தரப் பிரதேசம், ஹரியாணா போன்ற மாநிலங்கள் தங்கள் காவல் துறையில் 20 சதவீதம் என்று அறிவித்தன. காகிதத்தில் பத்து கணக்கில் ஒன்றானதை ஏற்கெனவே பார்த்தவர்களுக்கு இந்த எண்களை அப்படியே நம்பத் தயக்கம் இருப்பது இயல்பு.

இதில் ஒரு விசித்திரத்தையும் சொல்ல வேண்டும். படையில் கற்றதைக் காகிதத்தில் எழுதும் வேலையை அரசு முறையாகக் கையில் எடுத்தது பென்ஷன் இல்லாத இந்தப் பிள்ளைகளுக்காகத்தான். பத்தாம் வகுப்போடு சேர்ந்தவருக்குத் திறந்தநிலைப் பள்ளி வழியாகப் பன்னிரண்டாம் வகுப்புச் சான்று; இக்னோவின் பட்டப்படிப்பில் பாதி மதிப்பெண் புள்ளிகள் பணிக்காலப் பயிற்சிக்கே; தொழில்திறன் சான்றிதழ். பதினைந்து வருடக்காரருக்குக் கிடைக்காதது நான்கு வருடக்காரருக்குக் கிடைக்கிறது. மெத்தையை எடுத்த பிறகுதான் ஏணியின் நினைவு வந்திருக்கிறது.

செய்யக்கூடியவை

புதிய வாரியமோ புதிய நிதியோ முதல் தேவை இல்லை. டிஸ்சார்ஜ் புத்தகத்தோடு இன்னொரு தாள் வேண்டும். ஒவ்வொரு டிரேடுக்கும் வெளியுலகில் சமமான தொழில் எது, எந்த அளவு, எந்த உரிமம் என்று சிவில் மொழியில் எழுதிய தாள். அக்னிவீரர்களுக்காகத் தொடங்கிய அந்த வேலையைப் பதினைந்து வருடக்காரர்களுக்கும் நீட்டலாம். ஓட்டுநர், மின்பணியாளர், மருத்துவ உதவியாளர், கட்டுமான மேற்பார்வையாளர் ஆகியோருக்கான உரிம விதிகளில் மாநில அரசுகளே நேரடி வழி திறக்கலாம். அவை மாநிலங்களின் கையெட்டும் தூரத்தில் இருப்பவை. ஒதுக்கீட்டில் நிரம்பாத இடத்துக்குத் துறை காரணம் எழுத வேண்டும் என்று ஒரு விதி வந்தாலே கணக்கு மாறத் தொடங்கும். பயிற்சியைக் கடைசி வருடத்தில் திணிக்காமல் பணிக்காலத்தின் நடுவிலேயே தொடங்கலாம். மாவட்ட அலுவலகத்துக்கு இன்னும் இரண்டு ஆட்கள் கொடுத்தால், மூன்று பெயருள்ள அந்த அம்மாள் பத்து முறை நடக்க வேண்டியிராது.

கிராமத்தில் பட்டாளத்துக்கு ஆள் சேர்த்தது சுவரொட்டிகள் அல்ல, வங்கி வாசலில் உட்கார்ந்திருக்கும் அந்த மனிதர்தான். "அண்ணே, மிலிட்டரிக்குப் போகலாமா?" என்று கேட்டு வந்த பையன்களுக்கு அவர் யோசிக்காமல் சொல்லிவந்த பதில் ஒன்று உண்டு: "போடா தம்பி, கஷ்டம்தான், ஆனா பென்ஷன் இருக்கு." இப்போதும் பையன்கள் வந்து கேட்கத்தான் செய்கிறார்கள். அவர் துப்பாக்கியை மடியில் சற்று நகர்த்தி வைத்துக்கொண்டு, "நாலு வருஷம் கழிச்சு என்ன செய்யப் போறே?" என்று திருப்பிக் கேட்கிறார்.